அவர் உடனே ஒப்புக்கொண்டது

கதவைத் தாழ்போட மறந்தது யார் என்று கேட்டால்கூடக் காற்றின்மேல் பழி போடுகிறவர் என் கணவர். அப்படிப்பட்டவர், இருட்டத் தொடங்கும் நேரத்தில் பால் வேனைக் கொண்டுபோய் என் தம்பியின் குதிரை வண்டிக்குப் பின்னால் மோதிவிட்டு, போலீஸ் வாய் திறப்பதற்குள் "தப்பு என்மேலதான் சார்" என்றிருக்கிறார். அதுதான் எனக்கு உறுத்தியது.

குதிரை சிராய்ப்போடு தப்பியது. தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தான். "மாமாவைத் திட்டாதக்கா. நீ திட்டினா பக்கத்து பெட்காரருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா அந்த முக்கோணம் எப்படிக்கா தெரியாமப் போச்சு?"

வண்டியின் பின்பலகையில் அந்தச் சிவப்பு முக்கோணத்தை அடித்தவள் நான். லைட் பட்டால் தூரத்திலிருந்தே மின்னும். நடையைவிடச் சற்றே வேகமாகப் போகிற வண்டிக்கு அதுதான் காவல்.

இரண்டு நாள் அவரையே கவனித்தேன். போனில் பேசினாரா? யாரோடு? குடியில்லை, போலீஸிடம் ஊதிக் காட்டியாயிற்று.

"முக்கோணம் தெரியலையா உங்களுக்கு?"

"வெயில் கண்ணுல அடிச்சுது."

"இருட்டுற நேரத்துல ஏதுங்க வெயிலு?"

பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனிதர்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் வேன் சாவியை எடுத்தேன். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், பழைய சாக்குக்குக் கீழே ஏதோ துணி சுருட்டிக் கிடந்தது. எவளுடையதோ என்று நினைத்தேன். இழுத்ததும் குதிரை வாடை அடித்தது.

குதிரையின் முதுகில் போடும் கம்பளி. மோதல் நடந்த அன்று மதியம் வியர்வையில் நனைந்திருந்ததைப் பின்பலகையில் காயப்போட்டேன். எங்கள் கொட்டகையில் வண்டி நிற்கும்போது எப்போதும் அங்கேதான் போடுவேன். தம்பி குதிரையைப் பூட்டுவதற்குள் எடுத்துவிடுவேன்.

எடுத்தேனா? இரண்டு நாளில் இந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூட என்னிடம் கேட்கவில்லை. அவரைப் பற்றிக் கேட்கவே பொழுது சரியாக இருந்தது.

தலை துவட்டிக்கொண்டே வந்தவர் என் கையைப் பார்த்து நின்றார்.

"முக்கோணத்து மேலயே தொங்கிட்டிருந்துச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள எடுத்துட்டேன்."

"உங்க லைசென்ஸைப் பறிச்சிருவாங்க."

"ஆறு மாசம்தான். அவன் முகத்தைப் பாக்க முடியாம நீ ஆயுசு பூரா கூனிக் குறுகிக் கிடக்கிறதுக்கு அது பரவாயில்ல." துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார். "நானும் வேகமாத்தான் வந்தேன்."

அதுவாவது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று அவர் முகத்தைத் தேடினேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுகிறதா?

கம்பளியை மடித்துப் பையில் வைத்தேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"முதல்ல தம்பிகிட்ட. அப்புறம் ஸ்டேஷனுக்கு. நீங்களும் வாங்க," என்றேன். "வேன் வேண்டாம். நடந்தே போவோம்."