ஜீரோ அடிங்க மேடம்

கீ... கீ... என்று யூ.பி.எஸ். அலறியது. லேபில் மின்விசிறிகள் நின்றுபோயின. கம்ப்யூட்டர் திரைகளில் மட்டும் வெளிச்சம்.

“கரண்ட் போச்சு! எல்லாரும் சேவ் பண்ணுங்க!” என்று கத்தினார் பவுலின் மேடம்.

ஜெயசுதா பதறாமல் சேவ் செய்தாள். “தண்ணி குடிச்சிட்டு வரேங்க மேடம்” என்று எழுந்து போனாள். பக்கத்து இருக்கையில் பகலவன் பையில் பென் டிரைவைத் துழாவிக்கொண்டிருந்தான்.

போன மாதமும் அவளுடைய புரோகிராமைத் திருடி, அவளுக்கு முன்பே ஒப்படைத்தவன் அவன்தான். “கரியாலூர் மலையிலேர்ந்து வந்து மூணே மாசத்துல இத நீயே போட்டியா?” என்று மேடம் அவளுக்கு முட்டை போட்டார். வகுப்பே சிரித்தது. பகலவனின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. அந்தச் சிரிப்பு மலைப் பஸ்ஸின் ஒவ்வொரு வளைவிலும் அவளோடு கூடவே வந்தது. இன்னொரு தடவை காப்பி என்று மாட்டினால் பிராக்டிகல் தேர்வுக்கே உட்கார முடியாது.

இன்று மதிப்பெண் சராசரி காணும் புரோகிராம். அவள் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. பகலவன் ஒப்படைத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னா ஜெயா, இன்னும் மல ஏறிக்கினே கீறியா?”

அவள் தன்னுடையதை ஒப்படைத்தாள். மேடத்தின் முகம் சிவந்தது.

“ரெண்டும் அப்படியே ஒண்ணு. மறுபடியுமா ஜெயசுதா? வெளிய போ!”

அவள் நகரவில்லை.

“மேடம், அவன் புரோகிராம ஓட்டுங்க. எத்தினி பேர்னு கேக்கற எடத்துல ஜீரோ அடிங்க.”

அந்த லேபில் ஜீரோவை யாரும் அடித்ததில்லை. ரெக்கார்டு நோட்டில் இருக்கும் உதாரண எண்களை அடிப்பார்கள். விடை வந்ததும் எழுந்துவிடுவார்கள்.

“இன்னா வரும் பகலவன்?” என்று கேட்டார் மேடம்.

“எர்ரர்தான் மேடம்” என்றான் அவன் தெனாவட்டாக.

மேடம் ஜீரோவைத் தட்டினார். ‘ஜெயசுதா, கரியாலூர்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி திரையில் வந்து நின்றது.

ஒவ்வோர் எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் உண்டு என்பது முதல் வாரப் பாடம். ஜீரோ அடித்தால் மட்டும் வெளியே வரும்படி, அந்த எண்களாகத் தன் பெயரை அவள் உள்ளே புதைத்திருந்தாள். பகலவன் மேலே இருந்த பெயரை மட்டும் மாற்றியிருந்தான்.

“போன மாசத்துக்கும் சேத்து ரெண்டு முட்டை உனக்கு. பிராக்டிகல் பக்கமே வராத!” என்றார் மேடம் அவனிடம்.

வகுப்பு மறுபடி சிரித்தது. பகலவன் அவள் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தான்.

“தண்ணி குடிக்கப் போனவ லாக் பண்ணிட்டுப் போறதுக்கு இன்னா?”

“தண்ணி யாருடா குடிச்சா? நீ நிதானமா காப்பி அடிச்சி முடிக்கட்டும்னு கதவாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன்.”