பதினோரு டேக்

அழுகுணிப் பாப்பாவின் இடது கன்னத்தில் ஐந்து விரல் தடம் எழும்பினால், குழந்தையாக அவள் நடித்த டிவி தொடரின் நாற்பதாம் பகுதி எங்கோ ஒரு சேனலில் ஓடுகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது அவளுக்கு முப்பது வயது. கண் மருத்துவமனையில் பெயர் பதியும் கவுண்டரில் வேலை. தடம் நாலு நிமிடம் சிவந்து கிடந்து அடங்கும். வரிசையில் நிற்பவர்கள் "மறுபடி போட்டுட்டானா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டை நீட்டுவார்கள். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். வலிக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

அவளுடைய ஆறு வயதில் எடுத்த பகுதி அது. தாயைப் பறிகொடுத்த குழந்தை கதறி அழ வேண்டிய காட்சி. கிளிசரின் போட்டும் குழந்தைக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் செத்துக்கிடந்த நடிகைக்கு மூக்கு அரித்துக்கொண்டே இருந்தது. வெளிச்சம் போகிறதே என்று கடுப்பான டைரக்டர், கேமராவுக்குப் பின்னால் நின்ற பெற்ற தாயைப் பார்த்து, "கன்னத்துல ஒண்ணு வைங்கம்மா" என்றார். அம்மா வைத்தாள். ஃபோகஸ் சரியில்லை என்று மறுபடி; யாரோ இருமிவிட்டார்கள் என்று மறுபடி. பதினோரு டேக். அந்த அழுகைக்கு விருது கொடுத்தார்கள். ஊரே டிவி முன் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியது, என்ன நடிப்பு என்று வாய் வலிக்கப் பேசியது. வெட்கங்கெட்ட ஊர். பன்னிரண்டு வயதில் முகம் முத்திவிட்டது என்று கழற்றிவிட்டார்கள். பதினெட்டில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, "உன்னப் பார்த்தா பாப்பா ஞாபகம்தாம்மா வருது" என்று கதவைச் சாத்தினார்கள்.

பிறகு கைபேசி வந்தது. அந்த அழுகையை மட்டும் வெட்டியெடுத்து, பரீட்சையில் கோட்டைவிட்டவனுக்கும் ஆட்டத்தில் தோற்ற அணிக்கும் கேலியாக அனுப்பிச் சிரித்தார்கள். தடம் அடங்க நேரமே இல்லாமல் போயிற்று. அவள் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடித்தேன் என்று ஒத்துக்கொள். அம்மா மசியவில்லை. "லேசாத் தட்டினேன்டி. நடிப்பு உன் ரத்தத்துலயே இருந்துச்சு."

தொடரின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவை நேரலையில் காட்டினார்கள். அவளை மேடையில் நிறுத்தி, பின்னால் பெரிய திரையில் அதே காட்சியைப் போட்டார்கள். கைதட்டல் அரங்கத்தைப் பிளந்தது. தடம் எழும்பியது. "மேக்கப்பா மேடம்? சூப்பர்!" என்றாள் தொகுப்பாளினி. பாப்பா அவளிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "நான் நடிக்கவே இல்ல. இது எங்கம்மா கை. அடி வாங்கின புள்ளையப் பார்த்துத்தான் இத்தன வருஷமா கைதட்டுறீங்க."

அதற்கும் கைதட்டினார்கள். அந்தக் கணமே தடம் அவள் கன்னத்தை விட்டுப் போனது. தட்டிய கைகள் அத்தனையும் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டதுபோல் எரிந்தன. டைரக்டர் தண்ணீர் கேட்டு ஓடினார். முன்வரிசையில் அம்மா வலது கையை மடியில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கவுண்டர் வரிசையில் அம்மா நின்றாள். முறை வந்ததும் சிவந்த உள்ளங்கையைக் கண்ணாடித் துளை வழியாக நீட்டி, "பதினொண்ணுடி. எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா. தள்ளி நில்லு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள் மகள்.

அம்மா அதற்குப் பிறகு அந்தக் காட்சியைப் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு இன்றும் அது ஓடினால் கை எரிகிறது. பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை. பக்கத்தில் ஈரத்துணி ஒன்றை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.