மூடாத குறிப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல் டாக்டரின் நாற்காலியில். நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்க, "ஒரு நாள் எங்க வெப் பக்கத்துல பாதியைக் காணோம் மேடம்" என்றார் அந்த டாக்டரம்மாள். நாவல் எழுதுகிறவள் நான்; மீதியை நானாகக் கட்டினேன். கேள்வி கேட்க வாயில்லாதவளுக்குக் கற்பனைதானே கதி?

2

அவள் அழகிய விழிகளில்... (வேண்டாம்.)

வெளியே மழை... (பெய்யவில்லை.)

கணவனும் மனைவியும் ஒரே அறையில் அந்த டாக்டரைப் போன்றவர்களுக்கு வலைப்பக்கம் செய்கிறார்கள். பதினோரு நாளாகப் பேச்சில்லை. இந்த வரி நிற்கட்டும். தனக்கு வெளியூரில் வேலை கிடைத்ததை அவள் சொன்னபோது, அவன் திரையை விட்டுத் திரும்பாமலே "உன் இஷ்டம்" என்றிருந்தான்.

3

ஆனால் எழுதிக்கொள்வார்கள். பக்கத்தை உருவாக்கும் நிரல் வரிகளுக்குள் ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி. நடுவே எதை எழுதினாலும் பார்ப்பவர் கண்ணில் படாது. 'தலைப்பு நிறம் கண்ணைக் குத்துது.' 'உன் டீ ஆறுது.' சம்மதமென்றால் குறிப்பை அழித்துவிட்டு அதே பெயரில் சேமிக்க வேண்டும். மறுப்பென்றால் கீழே பதில் எழுதி, பெயரோடு 2 சேர்த்துப் புதுக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். (டாக்டரின் தளத்தில் ஏற்றும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் index.html என்ற ஒரே பெயர். வீட்டுச் சண்டை வாசலுக்கு வரக்கூடாது.)

4

இன்று அவள் எழுதினாள்: 'திங்கட்கிழமை கிளம்புறேன். போகாதேன்னு சொல்ல வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?'

கண் கலங்கியதில் முடிவுக் குறி போட மறந்தாள். சேமித்தாள், ஏற்றினாள், டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். மூடாத குறிப்பு, தனக்குக் கீழே இருந்த அத்தனையையும் விழுங்கிவிட்டது.

அலுவலகத்தில் போன் அடித்தது.

"தம்பி, பல்லைப் புடுங்குறது நானு. பக்கத்தைப் புடுங்குனது யாரு? அட்ரஸ் இல்ல, நம்பர் இல்ல. மூணு மணிக்கு இலவச முகாம்பா!"

"அஞ்சு நிமிஷம் டாக்டர்."

கோப்பைத் திறந்தான். படித்தான்.

5

என் நாவல்களில் இந்த இடத்தில் கணவன் ஓடுவான். (ஸ்டேஷன் நாற்பது நிமிடத் தொலைவு. நானே வைத்த தூரம். இப்போது குறைத்தால் அது கள்ளாட்டம்.)

குறிப்பை அழித்து, அவளை நிம்மதியாகப் போகவிடுகிற... (இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் அவன் மேல் கோபம் வந்தது.)

ஸ்டேஷன் வரிசையில் அவளுக்கு முன்னால் ஒருவர்தான். போனை எடுத்து அவனை அழைத்தாள்.

"டாக்டர் எனக்கும் அடிச்சாங்க. பக்கம் சரியாயிடுச்சா?"

"இன்னும் சேவ் பண்ணல."

"பாத்தியா?"

"பாத்தேன்."

முன்னால் நின்றவர் நகர்ந்தார். "எந்த ஊருக்கும்மா?" என்றார் கவுன்டர்காரர்.

"ஒரு நிமிஷம் சார்." போனில் அவள் குரல் இறங்கியது. "எந்தப் பேர்ல சேவ் பண்ணப் போறே?"

பெயர் கேட்கும் கட்டம் அவன் திரையில் திறந்திருக்கிறது. பழைய பெயர் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால், ஒரு 2 சேர்க்கிற இடத்தில், கர்சர் துடிக்கிறது. கதையை நான் எழுதிவிட்டேன். ஆனால் விசைப்பலகை இப்போது என் மடியில் இல்லை. உங்களிடம் இருக்கிறது. சீக்கிரம், கவுன்டர்காரர் முறைக்கிறார் (அவள் இன்னும் போனை வைக்கவில்லை