பரவாயில்லைக்கு எந்தக் கட்டம்?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று வந்த கோபம் முழுக்க என் மேல்தான்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்வது எங்கள் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆய்வு. மிச்சமிருக்கும் கால் உள்ளே போய் உட்காரும் கிண்ணம் என் பொறுப்பு. கணினியில் வரைந்து, முப்பரிமாண பிரிண்டரில் செய்து, பன்னிரண்டு பேருக்கு மாட்டிவிட்டேன். அதில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா. வாரா வாரம் "வலிக்குதா?" என்று கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். "பரவாயில்லம்மா" என்பார்கள். நான் மகராசி, 'வலி இல்லை' கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன். அன்றைக்கு மறுநாள் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் இதே மாதிரிக் கிண்ணம் மருத்துவமனை வழியாக இருநூறு பேருக்குப் போய்விடும்.

அன்று மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு புண்ணில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தோல் வழன்று போயிருந்தது.

"ஐயோ, என்னக்கா இது? எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். அது கெடக்கு, கை கழுவிட்டு வா."

"கேட்டப்பல்லாம் பரவாயில்லன்னியே!"

"ஆமா, பொறுத்துக்கிறேன்னு சொன்னேன். வலிக்கலன்னா சொன்னேன்? உனக்குத் தமிழ் மறந்துபோச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை படித்து என்ன, பேசுகிற பேச்சு புரியவில்லையே!

"வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொன்னா என்ன?"

"நாலு வருசமா சோறு தண்ணி இல்லாம இதுக்கே அலையுற. என் வாயால அதைக் கெடுக்கச் சொல்றியா?"

அவளைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பிறகு பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க. நான் தப்பா குறிச்சிட்டேன். பன்னிரண்டு பேரையும் இன்னைக்கே கழட்டி வைக்கச் சொல்லணும்."

விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "ஒரு வருசம் பின்னாடி போயிடும்மா."

"போகட்டும் சார்."

புண் ஆற மூன்று வாரம் ஆனது. அக்காவை ஆய்வகத்துக்குக் கூட்டி வந்து, கையில் ஒரு லிப்ஸ்டிக்கைக் கொடுத்தேன்.

"எங்கெல்லாம் அழுத்துச்சோ அங்க தடவு. மாட்டினா கிண்ணத்துல சாயம் ஒட்டும். அந்த இடத்தை நான் தேய்ச்சு எடுத்திடுவேன்."

"அடிப்பாவி! வாங்கிக் குடுக்கிறதே ஒரு லிப்ஸ்டிக்கு, அதுவும் காலுக்கா?"

சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது வைத்தாள், மூன்றாவது வைத்தாள். ஐந்தாவதில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை இடத்திலும் நான்தான் வலிக்க வைத்திருக்கிறேன்.

"பின்பக்கம் எனக்குத் தெரியல, நீயே வை" என்று லிப்ஸ்டிக்கை நீட்டினாள். என் விரலைப் பிடித்து முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இங்கதான்டி. நடந்தா உயிரே போயிடும்."

அழுதுகொண்டே அந்த இடத்தில் பெரிதாகத் தடவினேன்.