வண்டி நிற்காத ஐந்து வீடுகள்

பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் ஒரு பள்ளியில் எதுவும் நடக்காது. எந்தப் பிள்ளை காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏறுகிறது, எந்த அப்பா மறந்துபோன டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறார், எந்த டீச்சருக்கும் எந்த டீச்சருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பதினாலு பேர் உட்காரும் வண்டியில் இருபத்திரண்டு பேரை அடைத்து, ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தடவை ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டு போவான். அதனால் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ஹாரன் மாமா. பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

இப்படி ஊர்க் கதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவன், கூடப்பிறந்த அக்காவிடம் மட்டும் ஒரே ஒரு விஷயத்தை மென்று முழுங்கிவிட்டான். அதற்கப்புறம் அவன் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

விஷயம் இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் ஏழாம் வகுப்புக்கு ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள் கொடுப்பார்கள். பொதுத் தேர்வு. இதில் பிள்ளை என்ன மார்க் வாங்கியது என்று யாரும் கேட்கப்போவதில்லை, ரிப்போர்ட் கார்டிலும் ஏறாது. பள்ளியின் சராசரிதான் முக்கியம். எழுதிய பிள்ளைகளின் மார்க்கையெல்லாம் கூட்டி, எழுதிய தலைகளால் வகுத்து, எந்தப் பள்ளி முதல், எந்தப் பள்ளி கடைசி என்று பத்திரிகையில் முழுப் பக்கத்துக்குப் போடுவார்கள். எழுதிய தலைகளால் வகுத்து என்று சொன்னேன் பாருங்கள், சூட்சுமமெல்லாம் அதில்தான் இருக்கிறது. வராத பிள்ளை கணக்கிலேயே கிடையாது.

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், தேர்வுக்கு முந்தின நாள் அலுவலக மேடம் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நான்கு பெயர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு அங்கெல்லாம் வண்டியை நிறுத்த வேண்டாம் என்றார். இவனும் பாவம் என்று தலையாட்டிவிட்டு வந்தான். இரண்டாம் வருடம் ஆறு பெயர். அந்த ஆறில் ஒருத்தி மறுநாள் காலையில் பெட்ரோல் பங்க் முனையில் வழக்கம்போல் பையோடு நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் வீட்டுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று போலிருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்து கையைக் காட்டினாள். அவன் நிறுத்தாமல் போனான். கண்ணாடியில் பார்த்தால், அவள் கையை இறக்காமல் அப்படியே நின்றாள். அன்றைக்கு மத்தியானம் மற்ற வேன் ஓட்டுகிறவர்களிடம் விசாரித்தான்.

அப்போதுதான் முழு விவரமும் புரிந்தது. எல்லா வேன்களுக்கும் தனித்தனிச் சீட்டு. மார்க் குறைவாக வாங்குகிற பிள்ளைகளின் வீட்டுக்கு முந்தின நாள் போன் போகும். நாளைக்கு உங்கள் பக்கம் வண்டி வராது, எப்படியும் மார்க்குக்குச் சேராத தேர்வுதான், பிள்ளை வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். யாருக்குச் சந்தேகம் வரும்? நான் வண்டி ஓட்டுகிறவன், நிறுத்து என்றால் நிறுத்துகிறேன், வேண்டாம் என்றால் போகிறேன் என்று அவன் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். அது பெரிதாக எடுபடவில்லை. ஆனாலும் வண்டி ஓடியது.

அக்கா ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அத்தான் கப்பலில் போனவர், வருடத்துக்கு இரண்டு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். ஆகவே வீட்டின் எல்லா முடிவும் அக்காவுடையது. ஒரே மகள், வாண்டு என்று கூப்பிடுவார்கள், ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எந்த நடுநிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று அக்கா இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பத்திரிகைப் பக்கத்தைக் கடையிலேயே லேமினேட் செய்து கொண்டுவந்து சமையலறைச் சுவரில் மாட்டினாள். மூன்று வருடச் சராசரியை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதினாள். பக்கத்துத் தெருப் பள்ளி அறுபத்துநாலு. நடந்தே போகலாம், வாண்டுவின் தோழிகள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். தம்பி வண்டி ஓட்டும் பள்ளி எண்பத்தேழு.

பக்கத்துத் தெருப் பள்ளியில் வருகிற பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து எழுத வைத்தார்கள். வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளையும் எழுதியது. அக்காவின் பட்டியலில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

"ஒரு மார்க் ரெண்டு மார்க்னா போனாப் போகுதுன்னு விட்டுடுவேன்டா. இருபத்திமூணு மார்க். நீ தினம் அங்கதான கெடக்குற, நீ சொல்லு. எப்படி ஸ்கூலு?"

அவன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். ஊதுவதற்கு அதில் சூடே இல்லை.

"நல்ல ஸ்கூல்தான்க்கா," என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான்? வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். முதலிடத்துப் பள்ளியின் வண்டி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற பெருமை ஒரு பக்கம். அதைவிட, வாண்டு தினமும் தன் வண்டியில், தன் பக்கத்து சீட்டில் வருவாள் என்ற அற்ப ஆசை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தன் அக்கா மகளைத் தன் ஆசைக்கு விற்றுவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் அவனும் பிற்பாடு தன்னைத் திட்டிக்கொண்டான்.

வாண்டு சேர்ந்தாள். ஆறாம் வகுப்பு இழுபறியாகப் போயிற்று. ஏழாம் வகுப்பில் கணக்கு முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. அவள் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிட்டார்கள். அவள் அசரவில்லை. பள்ளியின் பெயர் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவிட்டாராம், அதை அப்படியே நம்பிக்கொண்டு, முன் சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்து, போகவர கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். சிக்னலில் வண்டி நிற்கும்போது விடையைக் காட்டிச் சரியா என்று கேட்பாள். அவன் பத்தாவது தாண்டாதவன். ஆனாலும் பார்த்துச் சொல்வான். பாதி தப்பாகத்தான் இருக்கும். தப்பு என்றால் அழிரப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மேடம் சீட்டைக் கொடுத்தார். ஐந்து பெயர்கள். கடைசிப் பெயர் வாண்டுவுடையது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. மேடம் ஒன்றும் கொடுமைக்காரியில்லை, அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் விசாரித்தவர். அன்றைக்கும் தணிவாகத்தான் பேசினார். "உங்க வீட்டுப் பொண்ணுங்கறதால அவங்க அம்மாவுக்கு நான் போன் பண்ணல. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க," என்றார்.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனான். போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. அவள் கத்துவாள், ஸ்டேப்ளரைத் தூக்கி எறிந்தாலும் எறிவாள். எறியட்டும். என் பிள்ளை எழுதியே தீரணும், நீ வந்து கூட்டிட்டுப் போடா என்பாள். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வாண்டுவை மட்டுமில்லை, மற்ற நான்கு வீட்டிலும் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவது, வேலை போனால் போகட்டும். இப்படி வீராப்பாகத் தீர்மானம் செய்தான். கவனியுங்கள், இதிலும் முதல் வார்த்தையை அக்காதான் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம்.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான். முதல் வருடம் நான்கு பேர், இரண்டாம் வருடம் ஆறு பேர், பெட்ரோல் பங்க் முனையில் நின்ற பெண், வீடுகளுக்குப் போகிற போன், எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். அக்கா மெஷினை நிறுத்தினாள். அப்போ அந்த எண்பத்தேழு என்று கேட்டாள். எழுதினவர்களின் மார்க்குதான் அது என்றான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சீட்டில் இருந்த பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"ஒரு நாள்தானேடா," என்றாள். "எழுதி, இவளால பேரு கெட்டுச்சுன்னு வையி, எட்டாவதுக்கு வேற இடம் பாத்துக்குங்கன்னு டி.சி.யக் கையில குடுத்துடுவாங்க. இப்பப் போயி எங்கடா சேக்குறது? நீ நாளைக்கு வராத."

அவன் எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டான். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல நீ."

அதற்கு அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற யோக்கியதை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தெருவுக்கு வந்ததும் அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. அக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், இனி நான் என்ன செய்ய முடியும் என்று வசதியாக நினைத்துக்கொண்டான். மற்ற நான்கு வீடுகளையும் அந்த ஒரு வார்த்தையிலேயே சேர்த்துக் கைகழுவிவிட்டான். அந்த நாலு அம்மாக்களிடம் யார் கேட்டார்கள்? அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்து அவன் பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கப்பட்டான். ஆனால் அது பிறகு. அப்போதைக்கு நிம்மதியாகத்தான் வண்டியை எடுத்தான்.

மறுநாள் அக்கா வீட்டுத் தெரு முனையில் ஹாரன் அடிக்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. வாண்டு எங்க மாமா என்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டது. காய்ச்சல் என்றான். பொய் எவ்வளவு லகுவாக வாயில் வந்தது என்று அவனுக்கே திக்கென்றது. பதினேழு பேரைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி சீட்டுகளைத் துணி போட்டுத் துடைத்தான். ஏற்கெனவே அவை சுத்தமாகத்தான் இருந்தன.

அதற்கு மறுநாள் வாண்டு வண்டியில் ஏறினாள். முன் கதவைத் திறந்து வைத்திருந்தான். அவள் அந்தப் பக்கமே பார்க்காமல் பின்னால் போய், மூட்டை போல் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பிடித்த மிட்டாயை வாங்கி வைத்துக் கூப்பிட்டான். வேண்டாம் மாமா என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. ஒரு மாதம் இப்படியே போயிற்று. தினமும் காலையில் முன் கதவைத் திறந்து வைப்பான், தினமும் அது காலியாகவே போகும்.

பட்டியல் வந்தது. மறுபடியும் எண்பத்தேழு, மறுபடியும் முதலிடம். இரண்டாவது வந்த பள்ளிக்கு எண்பத்தைந்து. பள்ளி வாசலில் பேனர் கட்டினார்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட், டிரைவர்களுக்குக்கூடக் கொடுத்தார்கள். அவன் அதை வாங்கி டாஷ்போர்டுக்குள் போட்டு மூடினான்.

சாயங்காலம் எல்லோரும் இறங்கியாயிற்று. வாண்டுவின் வீடுதான் கடைசி. தெரு முனைக்கு முன்னால் சிக்னலில் நின்றபோது அவள் பின்னாலிருந்து எழுந்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்து அவன் முன்னால் நீட்டினாள்.

பக்கம் முழுக்கப் பென்சில் கணக்கு. எழுதினவர்கள் நூற்றுப்பத்தொன்பது பேர். சராசரி எண்பத்தேழு. இரண்டையும் பெருக்கி, அதோடு தன் மார்க்காக ஒரு முப்பத்தைந்தைக் கூட்டி, நூற்றிருபதால் வகுத்திருந்தாள். நாலைந்து இடத்தில் அழித்து அழித்துக் காகிதம் மெலிந்திருந்தது.

"நானும் எழுதியிருந்தா எம்பத்தாறரைக்கு மேல வருது மாமா. அரை மார்க்குகூட கொறையல. அப்பவும் நாமதான் ஃபர்ஸ்ட்டு. கணக்கு சரியான்னு பாருங்க."

அவன் பார்த்தான். வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தான். எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்றுகூட ஒரு கணம் ஏங்கினான். ஒரு தப்பும் இல்லை.

"சரிதான்," என்றான்.

"அப்புறம் ஏன் மாமா வரல?"

பச்சை விழுந்து, பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அம்மா வேண்டாம்னு சொன்னா என்று சொல்லியிருக்கலாம். மேடம் சீட்டுக் கொடுத்தாங்க என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான், இரண்டும் வாய்வரைக்கும் வந்தன. முதல் தடவையாக அவன் யாரையும் முன்னால் தள்ளிவிடவில்லை.

"பயந்துட்டேன்டா," என்றான்.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு மாமா," என்றாள். "ஆனா நான் யூனிஃபார்ம் போட்டுட்டு வாசல்ல நின்னேன்ல."