பேட்டரியைக் காயப்போட்டவர்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தரிசனத்தில் பிறக்கவில்லை, கரண்டு போனதில் பிறந்தது. மழை பொய்த்தது, அணை வற்றியது, மின்சாரம் நின்றது. ‘பொதுமக்கள் பொறுமை காக்கவும்’ என்று அரசாங்கம் தன் இணையப் பக்கத்தில் அறிவித்தது. அதைப் படிக்கவே கரண்டு வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எழுத ஒன்றுமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு நிக்கனோர், ஆற்றை ஒட்டிய தன் களத்தில் கொக்கோ கொட்டையைப் பலகையால் கிளறிவிட்டார். பிறகு குனிந்து, கொட்டைகளுக்கு நடுவே கிடந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியையும் பதமாகப் புரட்டிப் போட்டார். அவ்வளவுதான், கதை கிடைத்துவிட்டது, இனி எழுதவேண்டியது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன். எழுதுகிறவர்களின் புத்தி இப்படித்தான்.

2

தொடக்கம் ஒன்று: ‘அந்தி மயங்கும் வேளையில் ஆறு பொன்னாக உருகி...’ அடித்துவிட்டேன். எங்கள் ஆறு எந்த வேளையிலும் சேற்று நிறம்தான்.

தொடக்கம் இரண்டு: ‘சூரியன் என்பது உண்மையில் நம் ஒவ்வொருவருக்கும் உள்ளே...’ வேண்டாம். இதை நிக்கனோரிடம் படித்துக் காட்டினால் கிளறுகிற பலகையாலேயே போடுவார்.

தொடக்கம் மூன்று: ‘நிக்கனோருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது.’ இது இருக்கட்டும். அவரே சொன்னதுதான்.

3

பெட்டி துறைமுக நகரமான குவாயாகிலில் இருந்து வந்தது. அனுப்பியவர் நிக்கனோரின் மருமகன் வாஷிங்டன். (பெயர் நான் வைத்ததல்ல. இந்தக் கரையோரம் கைதட்டிக் கூப்பிட்டால் இரண்டு வாஷிங்டன்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.) உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே கறுப்புக் கண்ணாடித் தகடு, கீழே ரேடியோ பேட்டரிகள் உட்காரக் குழிகள், ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. வெயிலில் வைத்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறும். கரண்டு போனால் செல்போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும் ஊரில், ரேடியோதான் கதி. நகரத்து வானொலி நிலையத்தில் டீசல் எஞ்சின் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் ‘இன்னாருக்கு இன்னார் சொல்வது’ என்று ஆற்றங்கரைக்காரர்களின் சேதிகளை வாசிப்பார்கள்.

பெட்டி வந்த அன்றைக்கே நிக்கனோரின் மனைவி சொய்லா அவரிடம் தெளிவாகச் சொன்னாள்.

“கறுப்பு முகம் மேல பாக்கணும். வச்சுட்டுக் கையை எடுத்துரு. அதைத் தொடவே கூடாது.”

“வெயில்ல எதை எப்படிக் காயவைக்கணும்னு எனக்கே பாடமா? ஒரு பக்கமே வெயில் பட்டா மறுபக்கம் பூசணம் பிடிக்கும்டி.”

“காயவைக்கலைய்யா, சார்ஜ் ஏத்துறோம்!”

“ரெண்டும் ஒண்ணுதான். வெயில் உள்ள போகணும், அவ்ளோதானே? நீ போய் வாழைக்காயைப் பாரு.”

கொக்கோ கொட்டையை மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் பூசணம்தான், அதில் தகராறே இல்லை. ஆகவே பெட்டியும் மணிக்கொரு தரம் புரண்டது. சார்ஜ் ஏறுகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தால், ‘ஐயோ கருகுது’ என்று பதறிக் குப்புறப் போடுவார். விளக்கு அணைந்ததும் முகத்தில் நிம்மதி வரும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மேகம் தலைகாட்டினால் போதும், கொட்டையோடு சேர்த்துப் பெட்டிக்கும் தார்ப்பாய் மூடிவிடுவார்.*

* கொக்கோவைப் பொறுத்தவரை எங்கள் கரையில் இவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ரேடியோ கொக்கோவால் ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ரேடியோ இரண்டு பாட்டுப் பாடிவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டது. நிக்கனோர் முதலில் சீனாவைத் திட்டினார், பிறகு மருமகனை. கடைசியில் வெயிலையே திட்டினார், முந்தி மாதிரி இல்லையாம்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்குறேன்,” என்றாள் சொய்லா. “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘நான் சொன்னது தப்பு’ன்னு உன் வாயில வந்திருக்கா?”

“தப்பா இருந்தாத்தானே வரும்?”

அன்றைக்கே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மேலாற்றில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் படகேறிவிட்டாள்.

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பெட்டிக்காகப் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போவாளா? பாத்திரம் நம்பும்படியாக இல்லையே? அந்தப் பக்கத்து வீட்டுக் கார்தேனியாவிடம் போய்க் கேட்டேன். சொய்லாவின் சிநேகிதி. அவள் மகனுக்கு ஞானத்தகப்பன் நிக்கனோர், அதனால் அவரைக் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பெட்டிக்காகவா? அந்த ஆளு இத்தனை வருஷம் புரட்டிப் புரட்டிப் போட்டது பெட்டியை மட்டும்தானா? நீயெல்லாம் கதை எழுதுற!” என்றாள். சந்தேகம் தீர்ந்தது. அவமானம் தனிக் கணக்கு.]

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதி வந்தது. நிக்கனோர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் உருட்டிய வாழைக்காய் உருண்டை தட்டில் கல்லாகக் கிடந்தது. சொய்லா போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் இல்லாத வீடு அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் இதை அவர் வாயிலிருந்து வரவழைக்க எனக்குத் திறமை போதாது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

“நிக்கனோருக்கு, சொய்லா சொல்வது,” என்று அறிவிப்பாளர் கரகரத்தார். “நாளைக் காலைப் படகில் குவாயாகிலுக்கு, மகள் வீட்டுக்குப் போகிறேன். போனால் போனதுதான். படகு நம் துறையை ஒட்டித்தான் போகும். படகில் இருந்து பார்த்தால் களம் தெரியும். அந்தப் பெட்டி...”

ரேடியோ செத்தது.

நிக்கனோர் அதைக் குலுக்கினார், தட்டினார், பேட்டரியைக் கழற்றிப் பல்லால் கடித்தார், தொடையில் தேய்த்து மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

மீதியை ஆறு முழுக்கக் கேட்டது. நானும் கேட்டேன். உங்களை இருட்டில் உட்காரவைக்க நான் என்ன மின்வாரியமா? மீதி இதுதான்: “அந்தப் பெட்டியின் கறுப்பு முகம் மேலே பார்த்திருந்தால் இறங்குவேன். குப்புறக் கிடந்தால் அப்படியே போய்விடுவேன். தேடி வரவேண்டாம்.”

கார்தேனியா ஓடிவந்தாள்.

“கொம்பாத்ரே! கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன். ஏன், எங்கிட்ட ரேடியோ இல்லையா?”

“முழுசுமா?”

“முழுசும்தான்.”

“அப்ப என்ன பண்ணப்போற?”

“பண்ணவேண்டியதைப் பண்ணுவேன். போய் உன் அடுப்பைப் பாரு, தீயுது.”

“நான் வேணும்னா அவ சொன்னதை இன்னொரு தடவை...”

“எனக்கென்ன காது செவிடா?”

அவள் திரும்பிவிட்டாள். ரேடியோ பாதியில் நின்றது என்று சொன்னால், பேட்டரி ஏறவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். பேட்டரி ஏறவில்லை என்றால், சொய்லா சொன்னது சரி என்றாகிவிடும். அதற்குப் பதில் மனுஷன் உயிரையே விடுவார்.

தனியாக உட்கார்ந்து யோசித்தார். அந்தப் பெட்டி... அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பு என்றிருப்பாள். மகள் வீட்டுச் சாமான்தானே. சரி, கொடுக்கிறதைக் குறையில்லாமல் கொடுப்போம், வழியில் டார்ச்சுக்காவது அவளுக்கு உதவும் என்று முடிவு செய்தார். விடிந்ததும் பெட்டியைச் சட்டை நுனியால் துடைத்து, பேட்டரிகளை உள்ளே போட்டு, களத்தில் நல்ல இடமாகப் பார்த்து வைத்தார். பெண்டாட்டிக்காக அல்லவா? அதனால் வழக்கத்தைவிட அடிக்கடி புரட்டினார்.

5

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கிறது.

அ) படகு வரும் நேரத்தில் பெட்டி தற்செயலாக மேலே பார்த்துக் கிடக்கிறது. சொய்லா அழுதுகொண்டே இறங்குகிறாள், கார்தேனியா காபி வைக்கிறாள், ஆற்றில் மீன் துள்ளுகிறது... அடுத்த மணிக்கு நிக்கனோர் அவள் கண்ணெதிரே பெட்டியைக் குப்புறப் போடுவார். அதை யார் எழுதுவது?

ஆ) பெட்டி குப்புறக் கிடக்கிறது. படகு நிற்காமல் போகிறது. அலை மட்டும் வந்து துறையைத் தொட்டுவிட்டு... இதற்குப் பரிசு கிடைக்கும், தெரியும். ஆனால் பரிசு கொடுக்கிறவர்கள் கார்தேனியாவுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கவில்லை.

இ) எழுத்தாளரே வேலியைத் தாண்டிக் கதைக்குள் குதித்துப் பெட்டியைச் சரியாக வைத்துவிடுகிறார். புதுமை. ஒரு காலை வேலியில் போட்டும் பார்த்தேன். ஆனால் சொய்லா என் வாயிலிருந்தா ‘தப்பு’ வரவேண்டும் என்று காத்திருக்கிறாள்?

காலை இறக்கிவிட்டேன்.

6

சனிக்கிழமை. கரையில் பாதி ஊர் நின்றது. எல்லோருக்கும் துணி துவைக்கும் அவசரம், ஆனால் யார் கையிலும் துணி இல்லை. நிக்கனோர் களத்தில் நின்று முறைத்தார்.

“என்ன, இங்க கூத்தா நடக்குது?”

பதிலாகப் படகின் எஞ்சின் சத்தம் வந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, இன்னும் கண்ணில் படவில்லை. நிக்கனோர் கொடுத்தனுப்பும் அவசரத்தில் பெட்டியைத் தூக்கினார். ஏறியிருக்கிறதா என்று ஒரு பேட்டரியை எடுத்து டார்ச்சில் போட்டுப் பார்த்தார். டார்ச் சோம்பலாக ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. விடிந்ததிலிருந்து பிள்ளை மாதிரிப் பார்த்துப் பார்த்துப் புரட்டியிருக்கிறார், கடைசியில் அவளுக்குக் கொடுக்க ஒரு மினுக்குதான் இருக்கிறது. அவர் முகம் தொங்கிப்போனது.

பேட்டரியைத் திரும்பக் குழியில் போட்டார். கார்தேனியா பக்கம் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“கார்தேனியா... இதை எப்படித்தான் வைக்கணும்?”

[பேச்சு யாருடையது என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். நிக்கனோருடையதுதான். இத்தனை பக்கத்தில் அவர் பதில் தெரியாமல் கேட்கிற முதல் கேள்வி. சத்தியமாக நான் எழுதிக்கொடுக்கவில்லை.]

கார்தேனியா வாயைத் திறந்தாள். சொல்லத் துடித்தது நிறைய. கண்ணைத் துடைத்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னாள்:

“உன் பொண்டாட்டி சொன்னாளே, கொம்பாத்ரே. அப்படி.”

சொய்லா சொன்னது அவருக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. மூன்றாம் பகுதியில் இருக்கிறது, உங்களுக்கும் நினைவிருக்கும். படகு வளைவைத் தாண்டிவிட்டது. முன்பக்கம் ஒருத்தி எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் களத்தைப் பார்க்கிறாள். பெட்டி அவர் கையில் நெட்டுக்குத்தாக நிற்கிறது, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

இதற்கு மேல் எழுதினால் அது நான் வைத்ததாகிவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேட்ட மனுஷனிடம் போய் நான் பிடுங்கமாட்டேன். பெட்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சூடாக இருக்கும், பயப்படவேண்டாம், கருகாது. அவருக்காகக் குனிந்து, கொட்டைகளை ஒதுக்கி, களத்தில் அவள் சொன்னபடி வையுங்கள்.

வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்பப் புரட்டாதீர்கள்.