வலை கட்டும் வரைக்கும்

ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிட்டால் பழவேற்காட்டில் ஈ காக்கை இருக்காது. பஸ் ஸ்டாண்டு நிழலில் நாய் படுத்திருக்கும், டீக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே தூங்குவார், இறால் வறுவல் கடைகளில் கல் ஆறிப்போய்க் கிடக்கும். ஏரிக்கரைக் குப்பத்தில் அதுகூட இல்லை. அந்த வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் கெங்கம்மாள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கெங்கம்மாள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

கை கால் விழுந்து கிடந்தவளை ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். சொந்தபந்தம் வரிசையாக வந்து அவள் வாயில் பால் ஊற்றியது. உயிர் போகவில்லை. வீட்டு மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். எதன்மேல் ஆசை வைத்துக்கொண்டு கிடக்கிறாளோ என்று மருமகள் ஜோதிலட்சுமி வெற்றிலைச் சாற்றை உதட்டில் தடவிப் பார்த்தாள். ஊஹும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று சொல்லாதவர்கள் பாக்கியில்லை, பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரியைத் தவிர.

அவள் முந்தின நாளிலிருந்தே கெங்கம்மாளின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. பால் ஊற்ற வந்தவர்களை, புரையேறிவிடும் என்று சொல்லித் தடுத்தாள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள். குளுக்கோஸ் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து நாக்கில் விட்டாள். பெற்ற பெண்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மெச்சுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். புவனேஸ்வரிக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது.

விஷயம் இதுதான். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குப்பத்தார் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். பாடு என்பார்கள் அதை. இந்தத் தடவை புவனேஸ்வரியின் புருஷன் முனிகிருஷ்ணனுக்கு முகத்துவாரத்து வாய்க்கால் விழுந்திருந்தது. மழை முடிந்து, கடல் வாய் திறந்து, இறால் திமுதிமுவென்று ஓடுகிற நேரம். அந்த இடம் ஒருத்தனுக்கு விழுவது குதிரைக் கொம்பு. வியாழன் சாயங்காலம் வலை கட்டினால் விடிவதற்குள் எடுத்துவிடலாம். ஆனால் குப்பத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் பிணம் எடுக்கும் வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. அன்றைய பாடு யாருடையதோ அவனுக்குப் போனது போனதுதான், மறுநாள் அடுத்தவன் முறை. வலை கட்டின பிறகு சாவு என்றால் பரவாயில்லை, கட்டின வலையை அவிழ்க்கச் சொல்லமாட்டார்கள்.

அந்த ஒரு நாள் கைகொடுத்தால் முனிகிருஷ்ணன் புது வலை எடுத்து ஏரியிலேயே பிழைத்துக்கொள்வான். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிக்குத் திரும்பிப் போகவேண்டும். போன ஆடியில் அங்கே உலைக்குழம்பு தெறித்ததில் இவனுக்கு முழங்காலுக்குக் கீழே வெந்தது. பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரப் பையன் போயே போய்விட்டான். காலில் கட்டு அவிழ்த்த அன்றே மேஸ்திரி போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டான். பாடு முடியட்டும், சொல்கிறேன் என்று முனிகிருஷ்ணன் இழுத்துப் பிடித்து வைத்திருந்தான். தூக்கத்தில் அவன் காலை உதறும்போதெல்லாம் புவனேஸ்வரிக்குத் தூக்கம் போய்விடும்.

அதற்காக அவளுக்குக் கெங்கம்மாள்மேல் பிரியமே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். புவனேஸ்வரி கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அவளுக்காக மல்லுக்கு நின்றவள் கெங்கம்மாள். அதனாலேயே புவனேஸ்வரிக்குத் தன்னை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. உபசாரம் பண்ணுகிற மாதிரி ஒரு உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைப்பாள். நினைத்துக்கொண்டே பஞ்சை நனைப்பாள். சாயங்காலம் வரைக்கும் இரு அத்தே, அப்புறம் உன் இஷ்டம் என்று மனசுக்குள் கும்பிடுவாள்.

வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சாவு வீடாகப் போகிற வீட்டுக்கும் தண்ணீர் வேண்டுமே என்று ஜோதிலட்சுமியும் போனாள். அவள் புருஷன் லோகு கம்பெனியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அறையில் புவனேஸ்வரியும் கெங்கம்மாளும்தான் இருந்தார்கள்.

கெங்கம்மாள் ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்த மூச்சு வரவில்லை. புவனேஸ்வரி காத்திருந்தாள். மார்பில் கை வைத்துப் பார்த்தாள். காதை மூக்கோரம் கொண்டுபோனாள். வெளியே குழாயடியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. கெங்கம்மாளின் கண்களை மூடிவிட்டாள், போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள், விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தாள். ஜோதிலட்சுமி குடத்தோடு வந்து எட்டிப் பார்த்து, தூங்குகிறதா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள். ஜோதிலட்சுமி அடுத்த குடத்துக்குப் போய்விட்டாள். செத்தவளுக்கு விசிறிக்கொண்டிருக்கிற கையைப் பார்க்கப் புவனேஸ்வரிக்கே சகிக்கவில்லை, ஆனால் கை நிற்கவில்லை. கரையில் படகில் வலையை ஏற்றுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான், படகு முகத்துவாரம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து முனிகிருஷ்ணன் உள்ளே வந்தான். அம்மா இல்லாதவன். வலை கட்டப் போகும் முன் கெங்கம்மாளின் கையைத் தலையில் வைத்துக்கொண்டு போவது அவன் வழக்கம். புவனேஸ்வரிக்கு இது அடியோடு மறந்துபோயிருந்தது. அவள் தடுப்பதற்குள் அவன் குனிந்து அந்தக் கையைத் தூக்கிவிட்டான்.

தூக்கின கை தூக்கினபடியே நின்றது. பிறகு அதைப் பூப்போலப் படுக்கையில் வைத்தான்.

"எப்ப?" என்றான்.

"தண்ணி வந்தப்ப." அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள், வெந்து வழவழத்திருந்த அந்தக் காலை. "யாருக்கும் தெரியாது மாமா. நீ போ. வலைய கட்டிட்டா போதும், அப்பால நானே சொல்லிக்கிறேன்."

அவனுக்கும் போகத்தான் ஆசை. வாசலைப் பார்த்தான், கெங்கம்மாளைப் பார்த்தான், மறுபடி வாசலைப் பார்த்தான். அவன் போய்விடுவான் என்றே புவனேஸ்வரி நம்பினாள்.

"கைய தூக்கி தலமேல வச்சிக்கினு போறவன் புவனா நானு," என்றான். "பொணத்து கைய வச்சிக்கினு போயி எப்டி ஏரில எறங்கறது?"

காலை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே போனான். போய் முதலில் படகிலிருந்து வலையை இறக்கினான். அப்புறம் நாட்டாமை வீட்டுக்கு நடந்தான். சாவு எப்போது விழுந்தது என்று அவர் கேட்டதற்கு, இப்போதுதான் என்று ஒரே ஒரு பொய் சொன்னான். அது பெண்டாட்டிக்காகச் சொன்னது.

குடங்கள் பாதியில் நின்றன. பெண்கள் ஓடி வந்து ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். அரைமணி நேரத்தில் ஷாமியானா வந்தது, நாற்காலி வந்தது, மேளக்காரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாற்காலிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன், பெண்கள் பக்கம் வந்து புவனேஸ்வரி அருகில் குனிந்தான்.

"மேஸ்திரிக்கு போன் பண்ணிட்டேன். திங்கக்கெழம வரேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மிச்ச நாற்காலிகளை இறக்கப் போனான். அதற்கு மேல் அவனைக் கேட்க என்ன இருக்கிறது? புவனேஸ்வரிக்கு அதுவரை வராத அழுகை அடிவயிற்றிலிருந்து வந்தது. ஜோதிலட்சுமி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, எங்க அத்தையை நீதானே அக்கா கடைசி மூச்சு வரைக்கும் பார்த்தாய் என்று சேர்ந்து அழுதாள். இவளைப்போல ஒருத்தி அழுவதற்குக் கெங்கம்மாள் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள்.

"நெருப்பாண்ட போவாத மாமா, போவாத," என்று ஜோதிலட்சுமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுதாள். ஒப்பாரிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.